அறுநூறு மீற்றருக்கு மேல் பனி

கோபத்தோடு எழுதாதே, ஆறவிட்டு எழுது என்று என் கணவர் சொல்கிறார். நான் ஓய்வு பெற்ற பிறகு இரண்டு குளிர்காலங்கள் போய்விட்டன. இன்னும் ஆறவில்லை. இதற்கு மேலும் காத்திருந்தால் ஆறுவதற்கு முதல் மறந்துபோகும். ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன்.

போன மாதம் சுவிஸில் ஆராவ் பட்டினத்தில் ஒரு கலியாண வீட்டில் தர்சினி என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள். வயோதிபர்களை வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கும், நான் வேலை செய்த அதே நிறுவனத்தில் இப்போது வேலை செய்கிறவள். சாப்பாட்டுக்கு எழும்ப முதலே கைபேசியை எடுத்து, அலுவலகத்திலிருந்து வந்த ஓர் அறிவித்தலைக் காட்டினாள். இந்தக் குளிர்காலத்திலிருந்து பனி எச்சரிக்கை முதல் நாள் மாலையே ஒவ்வொருவருடைய கைபேசிக்கும் வந்துவிடும். ‘வாசித்தேன்’ என்று அழுத்த வேண்டும். அழுத்திய பிறகு மறுநாள் பிந்திப் போனால், அது பனியால் வந்த தாமதமாகக் கருதப்படாது. ஊழியர் தகுந்தபடி ஆயத்தம் செய்யாததால் வந்த தாமதமாகக் கருதப்படும்.

“அக்கா, உங்கடை காலத்திலையும் இப்பிடித்தானோ?” என்று கேட்டாள்.

“எங்கடை காலத்திலை இந்த அழுத்திற பட்டன் இருக்கேல்லை,” என்றேன். “மற்றதெல்லாம் இருந்தது.”

மேளச் சத்தத்துக்கு நடுவில் அதற்கு மேல் கதைக்க முடியவில்லை. அன்று அவளுக்குச் சொல்லாமல் விட்டது நிர்மலாவின் கதை. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் மன்னார். சுவிஸுக்கு அகதியாக வந்து, பேர்ண் நகரில் ஒரு வைத்தியசாலைச் சமையலறையில் பல வருடம் தட்டுக் கழுவினேன், மரக்கறி வெட்டினேன். பிள்ளைகள் வளர்ந்த பிறகு பராமரிப்பு உதவியாளர் பயிற்சிக்குப் போனேன். அந்தப் பயிற்சி நினைவில் அதிகம் இல்லை. ஒரு பொம்மையைக் கட்டிலில் புரட்டிப் புரட்டி முதுகு நொந்ததும், ஜெர்மன் மொழியில் எலும்புகளின் பெயரைப் பாடமாக்கியதும்தான் மிச்சம். பிறகு லாங்கன்தாலுக்குக் குடிவந்து, வீட்டுப் பராமரிப்பில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அதுதான் என் வேலை.

தனியாக வாழும் வயோதிபர்களின் வீடுகளுக்கு ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். ஒருவரைக் கட்டிலிலிருந்து எழுப்பிக் கழுவி உடுப்பு மாற்ற வேண்டும். இன்னொருவருக்குக் கால் வீங்காமல் இறுக்கமான காலுறை போட்டுவிட வேண்டும். மற்றவருக்கு மருந்தை எடுத்து வைத்து, அவர் விழுங்குவதைப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஒவ்வொரு காலையும் இப்படி ஒரு சுற்று. அடுத்த வீடு எது, அங்கே போக எவ்வளவு நேரம் என்பதைக் கணினி சொல்லும். அந்தக் கணினிக்குக் கோடையும் குளிர்காலமும் ஒன்றுதான். ஆடி மாதத்தில் ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்கு எவ்வளவு நேரம் தந்ததோ, தை மாதத்திலும் அதே நேரத்தைத்தான் தரும்.

லாங்கன்தால் பள்ளத்தில் இருக்கும் பட்டினம். அங்கே பனி விழுந்தாலும் மத்தியானத்துக்குள் சேறாகிவிடும். தெற்குப் பக்கம் காரில் கொஞ்சம் ஏறினால் குன்றுகள், பண்ணை வீடுகள், வளைந்து போகும் ஒற்றைப் பாதைகள். கீழே மழை பெய்யும் அதே நேரத்தில் மேலே பனி கொட்டும். அதனால் இந்த நாட்டு வானிலை அறிக்கையில் குளிர்காலத்தில் தவறாமல் ஒரு விஷயம் வரும்: கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீற்றர் உயரத்துக்கு மேல் பனி, அதற்குக் கீழ் மழை. மலைநாட்டில் வாழ்கிற சனம் அதைக் கேட்டுத்தான் அடுத்த நாள் எந்தச் சப்பாத்து, எந்த பஸ், காரா இல்லையா என்று முடிவு செய்யும்.

நாங்களும் அப்படித்தான். குன்றுச் சுற்று எனக்கு வரும் நாட்களில் மாலைச் செய்திக்குப் பிறகு வரும் வானிலை அறிக்கையை ஒரு சொல் விடாமல் கேட்பேன். சப்பாத்துக்கு அடியில் மாட்டும் முள் பட்டியைப் பையில் வைப்பேன். மேலே போனால் காரை எப்போதும் இறக்கத்தைப் பார்த்தபடி நிறுத்துவேன். ஏறும்போது சறுக்கினால் கால்நடையாகப் போகலாம், இறங்கும்போது கார் திரும்பாவிட்டால் அடுத்த வீட்டு ஆள் கட்டிலிலேயே கிடப்பார். பனி வழிக்கும் வாகனம் முதலில் பஸ் ஓடும் வீதியைத் துப்புரவாக்கும், பிறகு பள்ளிக்கூடப் பாதையை. பண்ணை வீடுகளுக்குப் போகும் கிளைப்பாதைகள் கடைசி. பல இடங்களில் அதை வழிப்பது பக்கத்துப் பண்ணைக்காரன்தான். மாட்டில் பால் கறந்து முடித்துவிட்டுத்தான் அவன் உழவு இயந்திரத்தை எடுப்பான். அவனைக் குறை சொல்ல முடியாது, மாடு காத்திராது.

எங்கள் அலுவலகத்திலும் ஒரு குளிர்காலத் திட்டம் இருந்தது. நல்ல திட்டம். பொறுப்பாளர் மாலையிலேயே அதை அறிவித்தால், குன்றுச் சுற்று விடியமுதல் தொடங்கும். ஒருவர் செய்யும் சுற்றை இரண்டு பேர் பிரித்துச் செய்வார்கள். தானாக எழும்ப முடியாதவர்களின் வீடுகளுக்கு முதலில் போக வேண்டும். தலை கழுவுவது, வீடு கூட்டுவது போன்றவை அடுத்த நாளைக்குத் தள்ளிப்போகும். அதை யார் எழுதினார்களோ, அவருக்கு மேலே இருக்கும் பாதைகள் தெரிந்திருந்தன. ஆனால் அந்தத் திட்டம் தானாகத் தொடங்காது. யாராவது ஒருவர் “நாளைக்குத் திட்டம்” என்று சொல்ல வேண்டும். அந்த யாராவது, ஃபிராவ் ஸ்டெட்லர்.

ஃபிராவ் ஸ்டெட்லர், தமிழில் திருமதி ஸ்டெட்லர், எங்கள் பொறுப்பாளர். ஒருநாளும் குரலை உயர்த்தியவர் அல்ல. கூட்டத்தில் எல்லோருக்கும் தானே கோப்பி ஊற்றித் தருவார். யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கைப்பட எழுதிய வாழ்த்து மேசையில் இருக்கும். ஒன்றை மறுக்கப்போகிறார் என்றால் “உங்களை எனக்கு நன்றாக விளங்குகிறது” என்று தொடங்குவார். அதைக் கேட்டவுடனேயே இல்லை என்ற பதில்தான் வரப்போகிறது என்று நாங்கள் முகத்தை மாற்றிவிடுவோம். அவருடைய வீடு அலுவலகத்துக்கு எதிரில். குளிர்காலம் முழுவதும் வீதியைக் குறுக்காகக் கடந்து வேலைக்கு வருகிறவர். குன்றுச் சுற்றுக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்று ஒருமுறை நாங்கள் கேட்டபோது, தன் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி, லாங்கன்தாலில் அன்று மழை என்று காட்டினார். யன்னலுக்கு வெளியேயும் மழைதான். நாங்கள் சேறும் பனியுமாக மேலேயிருந்து இறங்கி வந்து அந்த அறையில் நின்றோம்.

அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்திய குளிர்காலத்தில் அறிக்கையை நம்பி அவர் திட்டத்தை அறிவித்தார், பனி வரவில்லை. ஒரு நாள் முழுக்க வெயில். வீடு கூட்ட ஆள் வரவில்லை, தாயின் தலையைக் கழுவவில்லை என்று உறவினர்கள் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்கள். மேலிடத்தில் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அதன் பிறகு அவர் தன் வாயால் முடிவெடுக்க விரும்பவில்லை. முடிவெடுப்பதற்கு அவருக்கு ஓர் இலக்கம் தேவைப்பட்டது.

நிர்மலா எங்களிடம் சேர்ந்தது அடுத்த இலையுதிர்காலத்தில். வடமராட்சிப் பெண். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு மண்டபத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டே மாலை வகுப்பில் ஜெர்மன் படித்து, பயிற்சியும் முடித்து வந்தவள். தகுதிகாண் காலம் முடியவில்லை. அவளுடைய வதிவிட அனுமதி புதுப்பிக்க வேண்டிய வருடமும் அதுதான். வேலை இருந்தால் அது தலையிடியில்லாமல் நடக்கும். ஒருநாள் நாங்கள் இருவரும் காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டு நின்றபோது சொன்னாள்: “சினோவுக்கு எனக்குப் பயமில்லை அக்கா. பிந்திறதுக்குத்தான் பயம்.”

அவளுடைய சுற்றில் முதல் வீடு ஹேர் யோஸ்ட்டின், அதாவது திரு யோஸ்ட்டின், வீடு. மரம் அரியும் ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது, பேச்சும் இழுவை. மனைவி இல்லை. மகள் ரெகுலா பேர்ணில் ஆசிரியை. காலையில் எங்களில் ஒருவர் போய் எழுப்பும்வரை அவர் கட்டிலில் படுத்தபடி வானொலி கேட்டுக்கொண்டிருப்பார். எழுப்பிவிட்டால் தடியைப் பிடித்துப் பகல் முழுக்கத் தன்பாட்டில் சமாளிப்பார். அந்த வீட்டைவிட்டுப் போகமாட்டேன் என்பது அவருடைய ஒரே பிடிவாதம்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் மாலை வந்த வானொலி அறிக்கை எனக்கு இப்போதும் பாடம். இரவில் வடக்கிலிருந்து குளிர்காற்று வரும், ஏறத்தாழ அறுநூறு மீற்றருக்கு மேல் பனி, பலமாகப் பெய்யும் இடங்களில் அதற்குக் கீழேயும். கேட்டு முடிய நிர்மலா அழைத்தாள். அடுத்த நாள் எனக்குப் பட்டினச் சுற்று, அவளுக்குக் குன்றுச் சுற்று. திட்டத்தை இன்னும் அறிவிக்கவில்லையே என்றாள்.

“நான் கேட்டா, புதுசா வந்தவள் வேலைக்குப் பஞ்சிப்படுறாள் எண்டு நினைப்பினம். நீங்கள் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ அக்கா.”

ஃபிராவ் ஸ்டெட்லரின் வீட்டுக்கு அழைத்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அறிக்கையைச் சொன்னேன். அவரும் கேட்டிருந்தார்.

“உங்களை எனக்கு நன்றாக விளங்குகிறது,” என்றார். “ஆனால் ஹேர் யோஸ்ட்டின் வீடு அறுநூறு மீற்றருக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. வரைபடத்தில் பார்த்துவிட்டேன். அறிக்கையின்படி அங்கே மழைதான்.”

ஏறத்தாழ என்று சொன்னார்களே, அதற்குக் கீழேயும் என்று சொன்னார்களே என்றேன். ஏறத்தாழ என்பதை வைத்து அட்டவணை போட முடியாது என்றார். சரி, திட்டம் வேண்டாம், நிர்மலா மட்டும் நேரத்தோடு புறப்படலாமா என்று கேட்டேன். சேவைக் கார்களின் திறப்புகள், அதாவது சாவிகள், இருக்கும் அலுமாரி, சுற்றுத் தொடங்கும் நேரத்தில்தான் எங்கள் அட்டைக்குத் திறக்கும். அதை முன்கூட்டித் திறக்கும்படி அவர்தான் மாற்ற வேண்டும். ஒருவருக்காக மாற்றினால் எல்லோரும் கேட்பார்கள் என்றார். இனிய மாலையாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டு வைத்தார். நிர்மலாவுக்குச் சொன்னேன். அவள் ஓம் என்றாள்.

காலையில் லாங்கன்தாலில் மழை. நான் பட்டினத்தில் ஒரு ஆச்சியின் முதுகைக் கழுவிக்கொண்டிருந்தபோது நிர்மலாவின் அழைப்பு வந்தது. குன்றில் ஏறத் தொடங்கியதுமே மழை பனியாகிவிட்டதாம். சாமான் கொண்டுபோன ஒரு லொறி வளைவில் குறுக்காகச் சறுக்கி நிற்கிறதாம், அதற்குப் பின்னால் வரிசையாம். அலுவலகத்துக்கு அழைத்தாளாம், ஆள் வரும் நேரம் ஆகவில்லை, பதிவில் சொல்லி வைத்தாளாம்.

“கால்நடையாப் போகப் போறன் அக்கா. அந்த மனுசன் எழும்பப் பாப்பார்.”

காரை எங்கே விடப்போகிறாய் என்று கேட்டேன். பால் சேர்க்கும் நிலையத்து முற்றத்தில் என்றாள். கவனம் என்று சொன்னேன். யன்னலுக்கு வெளியே சொட்டுச் சொட்டாக மழை விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி, மேலே என்ன நடக்கிறது என்று நினைக்க எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் நான் பொறுப்பாளர் அல்ல.

அவள் ஏறிய பாதை வழிக்கப்படாத பாதை. பனி முழங்காலுக்குக் கிட்ட இருந்ததாகப் பிறகு சொன்னாள். முள் பட்டி இருந்தது, ஆனால் புதுப் பனியில் முள் எதைப் பிடிக்கும்? வீட்டுச் சுவரில் திறப்பு வைக்கும் சின்னப் பெட்டி; இலக்கங்களை அழுத்தினால் திறக்க வேண்டும். அது உறைந்துபோயிருந்தது. கையுறையைக் கழற்றி, உள்ளங்கையால் மூடி, வாயால் ஊதி ஊதித் திறந்திருக்கிறாள்.

ஹேர் யோஸ்ட் குசினித் தரையில் கிடந்தார். யாரும் வராததால் தானே எழும்பியிருக்கிறார். எழும்பி, தடி வழுக்கி, விழுந்திருக்கிறார். கையில் கட்டும் அவசர அழைப்புப் பட்டன் குளியலறையில் இருந்தது. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அப்படி விழுந்தவரைத் தூக்கக்கூடாது என்று எங்களுக்குப் பயிற்சி. அவள் தூக்கவில்லை. அம்புலன்ஸுக்கு அழைத்தாள். பனி வழிக்கும் வாகனத்துக்குப் பின்னால்தான் வர முடியும், காத்திருங்கள் என்றார்கள். கட்டிலிலிருந்த பஞ்சுப் போர்வையைக் கொண்டுவந்து போர்த்தாள், தன் மேலங்கியையும் போட்டாள். அப்படியும் கிழவருக்கு நடுக்கம் நிற்கவில்லை. ஆகவே அந்தக் கல்லுத் தரையில் தானும் படுத்து, அவருடைய முதுகோடு முதுகை ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறாள். அவளுடைய உடுப்பு கால்வரை நனைந்திருந்தது. அம்புலன்ஸ்காரர் கதவைத் திறந்தபோது இரண்டு பேரும் அப்படியே கிடந்தார்களாம்.

இதை ஒரு நிறுவனத்தில் செய்தால் என்ன நடக்க வேண்டும்? பிறந்தநாளுக்கு அட்டை எழுதுகிற அலுவலகம் இதற்கும் ஓர் அட்டை எழுதியிருக்கலாம் அல்லவா?

நடந்தது வேறு. மகள் ரெகுலா அலுவலகத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்தார். ஊழியர் பிந்தி வந்ததால் தன் அப்பா தரையில் கிடந்தார் என்று அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். வேலைக் கைபேசியில் நிர்மலாவின் வருகை நேரம் சிவப்பில் பதிந்திருந்தது. அவளை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒருவரைத் துணைக்குக் கூட்டி வரலாம் என்றார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அறையில் ஃபிராவ் ஸ்டெட்லரும், நிர்வாகத்திலிருந்து வந்த ஒரு இளம் ஆணும் இருந்தார்கள். ஃபிராவ் ஸ்டெட்லர் எங்களுக்குக் கோப்பி ஊற்றினார். அந்த ஆண் மரியாதையாகத்தான் பேசினார். பனி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது என்றார். வானொலியிலும் இணையத்திலும் யாரும் பார்க்கக்கூடியதாக இருந்தது என்றார். அப்படிப்பட்ட நாளில் பொறுப்புள்ள ஊழியர் பயண நேரத்தைத் தானே கூட்டிக் கணக்கிட வேண்டும் என்றார்.

நான் முதல் நாள் மாலை ஃபிராவ் ஸ்டெட்லருக்கு அழைத்ததைச் சொன்னேன். மறுப்பார் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் எனக்குக் கோபம் குறைவாக வந்திருக்கும். அவர் மறுக்கவில்லை.

“ஆம், அழைத்தார். நான் அறிக்கையைப் பார்த்தேன். அந்த வீடு பனி எல்லைக்குக் கீழே இருந்தது. அதனால் திட்டத்தை அறிவிக்க எனக்கு அடிப்படை இருக்கவில்லை.”

அந்த ஆண் தலையாட்டினார். இரண்டையும் அவர் ஒரே தாளில் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். அலுவலகம் திட்டத்தை அறிவிக்காதது சரி, ஏனென்றால் அறிக்கையின்படி மழை. நிர்மலா பிந்தியது பிழை, ஏனென்றால் அறிக்கையின்படி பனி. ஒரே மாலை, ஒரே அறிக்கை, ஒரே வீடு. கதிரையில் இருந்து வாசித்தால் மழை, காரை ஓட்டுகிறவள் வாசித்தால் பனி. அந்த அறையில் இது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

நிர்மலாவிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். நேரத்தோடு போகத்தான் நினைத்தேன், அலுமாரி பூட்டியிருந்தது என்று ஜெர்மனில் தெளிவாகச் சொன்னாள். அலுமாரி என்ன என்று அந்த ஆண் கேட்டார். ஃபிராவ் ஸ்டெட்லர் அது ஒரு தொழில்நுட்ப விஷயம் என்று விளக்கினார். அத்தோடு அலுமாரியின் கதை முடிந்தது.

தகுதிகாண் காலம் முடிந்ததும் நிர்மலாவை நிரந்தரமாக்கவில்லை. விடைபெறும்போது அவளுக்கும் ஒரு கைப்பட எழுதிய அட்டை கிடைத்தது.

ஹேர் யோஸ்ட் பிழைத்துக்கொண்டார். ஆனால் வீட்டுக்குத் திரும்பவில்லை. வைத்தியசாலையிலிருந்து நேரே முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு விடுமுறை நாளில் அவரைப் பார்க்கப் போனேன். யன்னலோரம் சக்கரக் கதிரையில் இருந்தார். மகள் ரெகுலா பக்கத்தில் அமர்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். ஹேர் யோஸ்ட் என்னை அடையாளம் கண்டு, இழுத்து இழுத்து ஒன்று கேட்டார். எனக்கு முதலில் பிடிபடவில்லை. மகள்தான் திரும்பச் சொன்னார்: அந்தப் பெண்ணின் சப்பாத்து காய்ந்துவிட்டதா என்று கேட்கிறார்.

“எந்தப் பெண்? அப்பா இதை ஒவ்வொரு நாளும் கேட்கிறார்,” என்றார் ரெகுலா.

அலுவலக விஷயங்களை உறவினரோடு கதைக்கக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. நல்ல ஒழுங்குதான், நோயாளியின் மரியாதைக்காக வைத்தது. அலுவலகத்தைக் காப்பாற்ற வைத்தது அல்ல. நான் கதைத்தேன். மாலை அழைப்பு, அறுநூறு மீற்றர், அலுமாரி, லொறி, பாதை, தரையில் முதுகோடு முதுகு, எல்லாவற்றையும் சொன்னேன். இன்றைக்கு அதே கதிரையில் அவர் இருந்தாலும் சொல்லுவேன்.

ரெகுலா தோடம்பழத்தைக் கையில் வைத்தபடியே இருந்தார். பிறகு அந்தப் பாதையைத் தனக்குக் காட்ட முடியுமா என்று கேட்டார். அவர் பிறந்து வளர்ந்த இடம்தான். ஆனால் பால் நிலையத்திலிருந்து பனியில் நடந்து ஏறியவளின் கணக்கில் அதைப் பார்க்க வேண்டும் என்றார். அடுத்த ஞாயிறு இருவரும் போனோம். பனி கொஞ்சம் உருகியிருந்தது. அப்படியும் பாதி வழியில் அவருக்கு மூச்சு வாங்கியது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, “பிழையான ஆள்மேல் முறைப்பாடு செய்துவிட்டேன்,” என்றார்.

அவர் தொலைபேசியோடு நிற்கவில்லை. அலுவலகத்துக்கு நேரே வந்தார், மேலிடத்துக்கும் போனார். உறவினரோடு கதைத்ததற்காக எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. அதைப் பெருமையோடு வாங்கினேன். அடுத்த குளிர்காலத்தில் குன்றுச் சுற்றுக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது. அலுமாரி விடியமுதலே திறந்தது. அதை மாற்ற, தொழில்நுட்பக்காரர் வந்து ஒரு கோப்பி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

இதோடு முடிந்திருந்தால் என் கோபமும் ஆறியிருக்கும். அந்தக் குளிர்காலம் தொடங்க முதல், இலையுதிர்காலத்தில், எங்களுக்கு ஒரு பயிற்சி நாள் வைத்தார்கள்; தலைப்பு, பனி நாட்களில் பாதுகாப்பான பயணம். திரையில் ஓர் உதாரணம் காட்டினார்கள். பெயர் இல்லை. முன்னறிவிப்பு இருந்தும் ஊழியர் ஒருவர் பிந்தி வந்தார், அதிலிருந்து நாம் கற்றுக்கொண்டோம் என்று தொடங்கியது. நான் கையை உயர்த்தினேன். அது அப்படி நடக்கவில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஃபிராவ் ஸ்டெட்லர் என்னைக் கனிவோடு பார்த்தார்.

“உங்களை எனக்கு நன்றாக விளங்குகிறது,” என்றார். திரையில் அடுத்த படம் வந்தது.

நிர்மலாவை அதற்கிடையில் திரும்பக் கூப்பிட்டார்கள். ஆள் பற்றாக்குறை. அவள் போகவில்லை. ஏன் என்று நான் கேட்டபோது, “வா எண்டு கேக்கினம் அக்கா. பிழை விட்டிட்டம் எண்டு சொல்லேல்லை,” என்றாள். லாங்கன்தாலிலேயே ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை எடுத்தாள். நடந்து போகிற தூரம். வதிவிட அனுமதியும் கிடைத்தது, ஆனால் அதற்கு அவள் பட்ட அலைச்சல் தனி. நோயாளியைத் தொட்டுப் பராமரிக்கும் வேலையை அவள் பிறகு தேடவேயில்லை. அதற்கென்றே பிறந்தவள் போன்ற கை அது. ஹேர் யோஸ்ட் இரண்டு வருடம் கழித்து இறந்தார். ரெகுலா அழைத்து, செத்தவீட்டுக்கு அவளையும் கூட்டி வரச் சொன்னார். முன் வரிசையில் தன் பக்கத்தில் இருத்தினார்.

வானிலை சொல்கிறவர்களோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அவர்கள் நேர்மையானவர்கள். ஏறத்தாழ என்கிறார்கள், இருக்கக்கூடும் என்கிறார்கள், சில இடங்களில் கீழேயும் என்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று இவ்வளவு மரியாதையாகச் சொல்லும் தொழில் வேறு இருக்குமோ தெரியாது. அதைக் கையில் வாங்குகிறவர்கள்தான் அந்தச் சொற்களை உதிர்த்துவிட்டு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். இப்போது இலக்கமும் வேண்டாம் என்று பட்டன் கண்டுபிடித்திருக்கிறார்கள். பனி விழும் என்று ஒருவருக்குத் தெரிவித்துவிட்டால், பனி அவருடையது ஆகிவிடுமாம். தெரிந்துகொண்டு அவள் என்ன செய்வாள்? சுற்றை மாற்றும் அதிகாரம் அவளிடம் இருக்கிறதா? யாரை முதலில் எழுப்புவது, யாரை நாளைக்கு விடுவது என்று அவள் தீர்மானிக்கலாமா? இல்லை. வாசிக்கலாம், அழுத்தலாம், பிந்தலாம், பழியை ஏற்கலாம்.

கலியாண வீட்டுக்குப் பிறகு தர்சினிக்கு அழைத்து இதெல்லாவற்றையும் சொன்னேன். தனியாக ஒருத்தி போய்க் கேட்காதேங்கோ, குன்றுக்குப் போகிற எல்லோரும் ஒன்றாய்ப் போங்கோ என்றேன். போயிருக்கிறார்கள். தமிழர், சுவிஸ்காரர், போர்த்துக்கேயர் எல்லோரும். தாங்கள் ‘வாசித்தேன்’ என்று அழுத்துவதானால், அதற்கு முதல் அலுவலகமும் ஒரு பட்டனை அழுத்த வேண்டும், அதில் ‘சுற்றை மாற்றினேன்’ என்று இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். யோசித்துச் சொல்வதாகப் பதில் வந்திருக்கிறதாம். யோசிக்கட்டும். மேலே ஏற்கனவே பனி விழத் தொடங்கிவிட்டது.

இதை எழுத முதல் நிர்மலாவிடம் அனுமதி கேட்டேன். உன் கதை, நீ வேண்டாமென்றால் எழுதமாட்டேன் என்றேன். தொழிற்சாலையிலிருந்து வந்து பிள்ளைகளுக்குப் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

“எழுதுங்கோ அக்கா,” என்றாள். “எல்லாரும் நான் பிந்தினதைத்தான் எழுதினவை. நீங்கள் எழுதேக்கை, நான் போய்ச் சேர்ந்தனான் எண்டு எழுதுங்கோ.”

அவள் போய்ச் சேர்ந்தாள்.